கிள்ளான் சதுப்பிலிருந்து லண்டன் வகுப்பறை வரை: தோட்டத் தமிழர்களின் காய்ச்சலோடு போராடிய டாக்டர் மால்கம் வாட்சன்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதுகில் டின்னைச் சுமந்துகொண்டு, வாரம் தவறாமல் கால்வாய் ஓரமாக எண்ணெய் தெளித்துப் போகும் ஓர் ஆள் அவர்களின் நினைவில் இருப்பார். லயத்துப் பிள்ளைகள் அந்த எண்ணெய் வாசனையை வைத்தே இன்று என்ன கிழமை என்று சொல்லிவிடுவார்கள். அவர் ஏன் வந்தார், யார் அனுப்பினார், ஏன் வாரம் ஒருமுறை மட்டும் வந்தார் என்று நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம்.

அந்த எண்ணெய் டின்னுக்குப் பின்னால் ஒரு மருத்துவரின் நீண்ட உழைப்பு இருக்கிறது. அவர் சர் மால்கம் வாட்சன். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு உலகெங்கும் இன்றும் சொல்லிக்கொடுக்கப்படும் பாடங்களில் ஒன்று, அவர் நம் கிள்ளானிலும் சிலாங்கூர் ரப்பர் தோட்டங்களிலும் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தில் நம் முன்னோர்களின் உயிரும் வியர்வையும் கலந்திருக்கின்றன என்பதால் அவருடைய வாழ்க்கையை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிள்ளானுக்கு வந்த இளம் மருத்துவர்

வாட்சன் 1873ஆம் ஆண்டு பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1900ஆம் ஆண்டு மலாயா அரசாங்க மருத்துவச் சேவையில் சேர்ந்து, 1901ஆம் ஆண்டு தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 27.

அன்றைய கிள்ளான் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு பேர் வாழ்ந்த சிறிய நகரம். நகரைச் சுற்றிலும் சதுப்பும் காடும். மலேரியா காய்ச்சல் வீட்டுக்கு வீடு இருந்தது. கடைக்காரர், அரசாங்கக் கிராணி, ரயில்வே தொழிலாளி, மருத்துவமனைப் பணியாளர் என்று யாரையும் அது விட்டுவைக்கவில்லை.

அதே 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்று அழைப்பது அதைத்தான். சதுப்புநிலக் காட்டை வெட்டி அமைத்த அந்தத் துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே கப்பலில் இருந்து மூட்டை இறக்கியவர்களும் அவர்களைக் கண்காணித்தவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். பெரும் பணம் செலவழித்துக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது.

அந்த ஓர் ஆண்டில் மட்டும் கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். அத்தனை சிறிய இடத்தில் இது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான்கு ஆண்டுகளே ஆன புதிய உண்மை

மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் உலகம் நீண்ட காலம் நம்பியது. அந்தப் பெயருக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், செகந்தராபாத்தில் டாக்டர் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து ஆராய்ந்து, கொசுக்கடி மூலமே அந்தக் கிருமி பரவுகிறது என்று காட்டினார்.

வாட்சன் கிள்ளானுக்கு வந்தபோது இந்தக் கண்டுபிடிப்புக்கு நான்கு வயதுதான். கொசுதான் காரணம் என்றால் கொசு முட்டையிடும் தண்ணீரை வற்றச் செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் எழுதலாம். ஆனால் மழை ஓயாத, சேறு காயாத ஒரு வெப்பமண்டல நகரத்தில் அதைச் செய்துகாட்ட முடியுமா என்பதில் பெரிய மருத்துவர்களுக்கே சந்தேகம் இருந்தது.

வாட்சன் அதைச் செய்யலாம் என்றார். சிலாங்கூரின் தலைமை மருத்துவராக இருந்த டாக்டர் டிராவர்ஸ் அவருக்குத் துணை நின்றார். அரசாங்கம் பணம் ஒதுக்கியது. நகரைச் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டது. பள்ளங்கள் நிரப்பப்பட்டன. தேங்கிய நீர் வடிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. துறைமுகத்தில் கடல்நீர் உள்ளே புகாதபடி கரை எழுப்பினார்கள்.

1902ஆம் ஆண்டு காய்ச்சல் மரணங்கள் 368இலிருந்து 59ஆகக் குறைந்தன. 1903ஆம் ஆண்டு 46. அரசாங்க ஊழியர்கள் மலேரியாவுக்காக எடுத்த மருத்துவ விடுப்பு 1901ஆம் ஆண்டு 1,026 நாட்கள். 1905ஆம் ஆண்டு அது வெறும் 30 நாட்கள்.

ஆனால் வாட்சன் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த ஆண்டுகளில் எல்லா இடத்திலும் காய்ச்சல் தானாகவே குறைந்திருக்கலாம் அல்லவா? அதனால் வாய்க்கால் வெட்டப்படாத, அதே மாவட்டத்தின் மற்றப் பகுதிகளின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே காய்ச்சல் குறையவில்லை. சில ஆண்டுகளில் கூடியும் இருந்தது. வேலை நடந்த இடத்தில் மட்டும்தான் நோய் இறங்கியது. இப்படி ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வதுதான் இன்று பொதுச் சுகாதாரக் கல்லூரிகளில் முதல் ஆண்டிலேயே கற்றுத்தரப்படும் முறை.

தோட்டங்களின் கதை வேறு

கிள்ளான் நகரம் தப்பியது. ஆனால் அதே காலத்தில்தான் கித்தா மரம் மலாயாவை மாற்றிக்கொண்டிருந்தது. ரப்பர் விலை ஏற ஏற, காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, நம் முன்னோர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சஞ்சிக்கூலியாக வந்தவர்களும் உண்டு. கங்காணி அழைத்து வந்தவர்களும் உண்டு.

அவர்களில் பலர் ஒரு வருடம்கூட வாழவில்லை. 1911ஆம் ஆண்டு கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு 60 பேருக்கும் மேல் இறந்தார்கள். இது எல்லாத் தோட்டங்களுக்குமான சராசரி. மோசமான தோட்டங்களில் நிலைமை இதைவிடப் பல மடங்கு கொடுமையாக இருந்தது. பெயர் எழுதப்படாத, கல் நடப்படாத புதைகுழிகள் இந்த நாட்டில் எத்தனையோ.

மலேரியா மட்டும் காரணம் இல்லை. வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழு, ரத்தசோகை, அரைவயிற்றுச் சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் கொன்றன. ஆனால் அடிக்கடி காய்ச்சல் வந்து ரத்தம் சுண்டிப்போன உடம்பு மற்ற எந்த நோயையும் தாங்காது. காய்ச்சல் வழியைத் திறந்துவிட்டது. மற்றவை உள்ளே நுழைந்தன.

வாட்சன் பிறகு அரசாங்கப் பணியை விட்டு விலகி, தோட்ட மருத்துவமனைகளின் பொறுப்பை ஏற்றார். தோட்டம் தோட்டமாகச் சென்றார். ஒவ்வொரு லயத்திலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தி, இடப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே விரல்களால் அழுத்திப் பார்ப்பார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கிவிடும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணினால், அந்தத் தோட்டத்தில் எவ்வளவு மலேரியா இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ரத்தம் எடுக்க வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம்.

தமிழ்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுத் தொட்டு எடுத்த அந்தக் கணக்கை அவர் தோட்டத்து வரைபடத்தில் குறித்துக்கொண்டார். அப்போது ஒன்று தெளிவானது. ஒரே தோட்டத்தில், ஒரு லயத்தில் பிள்ளைகள் நலமாக இருந்தார்கள். கொஞ்ச தூரம் தள்ளி இருந்த இன்னொரு லயத்தில் பெரும்பாலான பிள்ளைகள் நோயாளிகள். சாப்பாடும் வேலையும் ஒன்று. வேறுபட்டது லயம் இருந்த இடம் மட்டுமே.

தோற்ற இடத்தில் கற்ற பாடம்

வாட்சனின் வாழ்க்கையில் மிக முக்கியமான கட்டம் இதுதான்.

கிள்ளானில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் குறைந்தது. கடலோரச் சமவெளித் தோட்டங்களிலும் அதே முறை பலன் தந்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியதும் காய்ச்சல் அதிகரித்தது. வாய்க்கால்கள் சுத்தமாக இருந்தன. ஓடைகளில் தெளிந்த நீர் ஓடியது. பார்ப்பதற்கு அழகான, ஆரோக்கியமான இடம். ஆனால் லயத்தில் மரண ஓலம் ஓயவில்லை.

அதுவரை வெற்றி தந்த முறையைப் பிடித்துக்கொண்டு, தொழிலாளிகள் மீதும் அவர்களின் பழக்கவழக்கங்கள் மீதும் பழி போட்டிருக்கலாம். அன்று அப்படிப் பேசிய துரைமார்கள் நிறைய. வாட்சன் அப்படிச் செய்யாமல், அந்த ஓடைகளில் குனிந்து கொசுப்புழுக்களைப் பிடித்து ஆராய்ந்தார்.

விடை அங்கே இருந்தது. கொசு என்றால் எல்லாம் ஒரே கொசு அல்ல. மலேரியாவைப் பரப்புவது அனோபிலஸ் வகை. அதிலும் பல இனங்கள் உண்டு. கடலோரச் சமவெளியில் நோய் பரப்பிய அனோபிலஸ் அம்புரோசஸ் என்ற இனத்துக்கு நிழல் வேண்டும். காட்டு நிழலில் அசையாமல் கிடக்கும் நீரில் அது பெருகும். காட்டை வெட்டி வெயில் படவிட்டால் அது போய்விடும்.

மலைப்பகுதியில் நோய் பரப்பிய அனோபிலஸ் மாக்குலேட்டஸ் இதற்கு நேர்மாறு. அதற்கு வெயில் வேண்டும், தெளிந்த ஊற்றுநீர் வேண்டும். காடு மூடியிருந்த வரை மலை ஓடைகளில் அதற்கு இடம் இல்லை. ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டி, ஓடையைச் சுத்தம் செய்ததுமே அதற்கு வீடு கட்டிக்கொடுத்தது போல ஆகிவிட்டது. அதாவது ஓர் இடத்தில் மருந்தாக இருந்த வேலையே மற்றோர் இடத்தில் நஞ்சாக மாறியது.

எந்த ஊரில் எந்தக் கொசு நோய் பரப்புகிறது என்று முதலில் கண்டுபிடி. அது விரும்பும் தண்ணீரை மட்டும் மாற்று. எல்லாக் கொசுவையும் ஒழிக்க முயன்று பணத்தை வீணாக்காதே. இதுதான் வாட்சன் கண்ட வழி. 1913ஆம் ஆண்டு டச்சு விஞ்ஞானி ஸ்வெல்லன்கிரேபல் மலாயா வந்து இந்த வேலையைப் பார்த்துச் சென்றார். அவர் இந்த முறைக்கு ஒரு தனிப் பெயரும் கொடுத்து, இன்றைய இந்தோனேசியாவில் அதை வளர்த்தெடுத்தார்.

மண்ணுக்கடியில் ஓடிய நீர்

மலைத் தோட்டங்களில் வெயிலை மறைக்க முடியாது. ரப்பர் மரம் வளர வெயில் வேண்டும். அப்படியானால் தண்ணீரை மறைக்க வேண்டும். பள்ளத்தாக்குகளில் சுடுமண் குழாய்களை மண்ணுக்கடியில் பதித்து, ஊற்றுநீரை அதன் வழியாக ஓடவிட்டார் வாட்சன். மேலே நீர் தெரியாவிட்டால் கொசுவுக்கு முட்டையிட இடமில்லை. சிலாங்கூரில் சீஃபீல்ட் தோட்டம் இந்த வேலைக்குப் பெயர்பெற்றது. இன்று அந்த நிலத்தில்தான் சுபாங் ஜெயாவின் வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. சிங்கப்பூரில் தெலுக் பிளாங்கா பகுதியில் மலேரியா கடுமையாக இருந்தபோதும் வாட்சனின் ஆலோசனை கேட்கப்பட்டு, இதே முறை அங்கே கையாளப்பட்டது.

குழாய் பதிக்கச் செலவு அதிகம். எல்லாத் தோட்டங்களும் அதற்கு முன்வரவில்லை. அங்கேதான் எண்ணெய் வந்தது. பனாமா கால்வாய் கட்டுமிடத்துக்குச் சென்று அங்கே மலேரியாவைக் கட்டுப்படுத்திய முறைகளை வாட்சன் நேரில் பார்த்திருந்தார். கொசுப்புழு நீரின் மேல்மட்டத்துக்கு வந்துதான் மூச்சுவிடும். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அது மூச்சடைத்து இறந்துவிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்கும் மேல் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை எண்ணெய் தெளித்தால் போதும். நம் தாத்தா பாட்டிகள் பார்த்த அந்த எண்ணெய் டின் ஆள் வாரம் தவறாமல் வந்ததன் காரணம் இதுதான்.

இந்த வேலைகளையெல்லாம் செய்தவர்கள் யார்? வாய்க்கால் வெட்டியவர், குழாய் புதைத்தவர், எண்ணெய் சுமந்தவர், பெரட்டுக் களத்தில் கசப்பான கொய்னா மருந்தை வரிசையில் நின்று விழுங்கியவர் எல்லாரும் பெரும்பாலும் நம்மவர்களே. வாட்சனின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவர்களின் பெயர் எங்கும் இல்லை. இந்த வரலாற்றைப் படிக்கும்போது அந்த வெற்றிடத்தையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தோட்ட நிர்வாகங்கள் வாட்சனுக்குப் பணம் கொடுத்தது கருணையால் மட்டும் அல்ல. காய்ச்சலில் கிடக்கும் தொழிலாளி பால் வெட்ட மாட்டான். இறந்தவனுக்குப் பதிலாக இன்னொருவனைக் கப்பலில் கொண்டுவரச் செலவாகும். வாட்சனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மரண எண்ணிக்கையைக் காட்டி அசையாத முதலாளிகளிடம் அவர் லாப நட்டக் கணக்கைக் காட்டினார். மனிதாபிமானம் திறக்காத கதவை வணிகக் கணக்கு திறந்தது. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் உண்மை. ஆனால் அந்தக் கதவைத் திறக்க இப்படி ஒரு சாவி தேவைப்பட்டது என்பதும் உண்மை.

1930களில் தோட்டங்களில் மரண விகிதம் ஆயிரத்துக்கு 20க்கும் கீழே இறங்கியிருந்தது. சஞ்சிமுறை ஒழிந்தது, தோட்ட மருத்துவமனைகள், சுத்தமான குடிநீர், கழிப்பிடங்கள் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் கொசுவுக்கு எதிரான வேலை அவற்றில் முதல் வரிசையில் இருந்தது.

லண்டன் வகுப்பறை

1911ஆம் ஆண்டு வாட்சன் தன் மலாயா அனுபவங்களை மலேரியா தடுப்பு பற்றிய ஒரு நூலாக வெளியிட்டார். 1921ஆம் ஆண்டு அதை விரிவுபடுத்தி மறுபடியும் பதிப்பித்தார். 1924ஆம் ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1920களின் இறுதியில் அவர் இங்கிலாந்து திரும்பினார்.

ஓய்வெடுக்கும் வயது. ஆனால் அவர் லண்டனில் ரொனால்ட் ராஸ் பெயரில் 1926ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராஸ் ஆய்வுக் கழகத்தில் மலேரியாப் பிரிவை ஏற்றார். பின்னர் அதன் இயக்குநரும் ஆனார். 1934ஆம் ஆண்டு அந்தக் கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியுடன் இணைக்கப்பட்டது. உலகின் பல நாடுகளில் இருந்து பொதுச் சுகாதாரம் படிக்க மாணவர்கள் இன்றும் தேடிச் செல்லும் கல்லூரி அது.

அங்கே வாட்சன் மருத்துவர்களுக்கு மட்டும் பாடம் நடத்தவில்லை. விடுப்பில் ஊர் திரும்பிய தோட்ட நிர்வாகிகள், பொறியாளர்கள், சுரங்க அதிகாரிகள் ஆகியோருக்கும் மலேரியா தடுப்பு வகுப்புகள் நடந்தன. வாய்க்கால் எங்கே ஓட வேண்டும், லயம் எங்கே கட்ட வேண்டும் என்று முடிவெடுப்பவர் மருத்துவர் அல்ல, நிர்வாகிதான் என்பது அவருக்குத் தோட்டத்தில் கிடைத்த அனுபவம். முடிவெடுப்பவனுக்குத்தான் முதலில் பாடம் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தார்.

அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் அவருடைய முறை பயன்பட்டது. அங்கே நோய் பரப்பியது அனோபிலஸ் மினிமஸ் என்ற வேறோர் இனம். ஆப்பிரிக்காவில், இன்றைய ஜாம்பியாவில் உள்ள ரோன் அன்டிலோப் செம்புச் சுரங்கத்தில் தொழிலாளர்கள் மலேரியாவால் மடிந்தபோது, 1929ஆம் ஆண்டு தொடங்கி அங்கேயும் ராஸ் கழகத்தின் வழிகாட்டலில் லுவான்ஷியா ஆற்றோரச் சதுப்பு சீராக்கப்பட்டது. நோய் இறங்கியது. கிள்ளானில் பிறந்த அறிவு கடல் கடந்து ஆப்பிரிக்கத் தொழிலாளியின் உயிரையும் காத்தது.

வாட்சன் 1955ஆம் ஆண்டு காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புகூட ஆப்பிரிக்க அனுபவங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார்.

நமக்கு என்ன?

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வாய்க்கால்களைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனபோது மலேரியா மீண்டும் தலைதூக்கியது. கொசு ஒழிப்பு ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலை இல்லை என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. போருக்குப் பின் டிடிடி மருந்து வந்தது. 1967ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018ஆம் ஆண்டு முதல், மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு மூலம் பரவும் மலேரியா உள்நாட்டில் யாருக்கும் தொற்றவில்லை. குரங்குகளிடமிருந்து பரவும் நோலெசி மலேரியா மட்டும் காட்டோரப் பகுதிகளில் இன்னும் இருக்கிறது.

இன்று நம் பகை டிங்கி. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு காட்டு நிழலையும் மலை ஓடையையும் தேடுவதில்லை. நம் வீட்டுப் பூத்தொட்டித் தட்டு, பழைய டயர், அடைத்துக்கொண்ட கூரைத் தகரக் கால்வாய் ஆகியவைதான் அதற்குப் பிடித்த இடம். வாட்சன் இன்று இருந்தால் புகை அடிப்பதற்கு முன்னால், எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்றுதான் கேட்டிருப்பார். அதைத் தேட மண்ணுக்கடியில் குழாய் பதிக்க வேண்டியதில்லை; வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வந்தால் போதும்.

பொதுச் சுகாதாரம் என்றால் வெள்ளைக் கோட்டும் ஆய்வுக்கூடமும் மட்டுமே என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நோயாளியைக் குணப்படுத்துகிற மருத்துவர் வேண்டும்தான். ஆனால் நோயே வராமல் ஒரு லயத்தை, ஒரு கம்பத்தை, ஓர் அடுக்குமாடியைக் காப்பாற்றுகிற படிப்பும் ஒன்று இருக்கிறது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் அது சொல்லிக்கொடுக்கப்படுகிறது. எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதையும் சொல்லலாம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன்மாரின் பிள்ளைகள் வரிசையில் நின்று வயிற்றைக் காட்டினார்கள். எண்ணியது வேறொருவர். இனி எண்ணுகிறவர்களின் வரிசையிலும் நம் பிள்ளைகள் நிற்க வேண்டும்.